கத்திரிப்பூவா, மோர் வெள்ளையா: என் சம்பந்தி தேசப்பன்

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் மாப்பிள்ளை சதீஷின் பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. மழைக்காலத்திலிருந்து மாப்பிள்ளை என்னோடு நேரடியாகப் பேசியது கிடையாது. எது என்றாலும் அவருடைய அப்பா வழியாகத்தான் வரும். அவரே கூப்பிடுகிறார் என்றால் ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். 'முடிச்சிக்கலாம் மாமா' என்று சொல்லப் போகிறார். அதை வெறும் வயிற்றில் கேட்க வேண்டாம் என்று ஒரு வாய் சோறு போட்டுக்கொண்டேன். மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"மாமா, நைனா பூட்டாரு."

வாயில் இருந்த சோற்றை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தேசப்பன் எப்படிப் போனார் என்பது காத்திவாக்கத்தில் இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கழிமுகத்தில் இறால் பிடித்துவிட்டு வந்து, வலையை உதறிக் காயப்போட்டு, படகு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி யார் இருக்கிறார்கள் என்ற பயம். என் மகள் திவ்யாவை அவருடைய மகன் சதீஷுக்குக் கொடுத்திருந்தோம். அந்தக் கல்யாணம் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நூலை ஒரே ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள்தான் போய்விட்டார்.

அவருக்குப் போடும் நினைவு மலரில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று குப்பத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவையில் தாண்டியவன் நான். வேலை முடிந்ததும் கம்பெனி நோட்டில் 'வால்வு மாற்றப்பட்டது' என்று எழுதுவதுதான் இதுவரை நான் செய்த இலக்கியம். நாலு வரிக்குள் எனக்கு அடங்கவில்லை, மன்னிக்கவும். வீட்டு விஷயம் நிறைய வருகிறது. திவ்யாவுக்குப் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் கொடுக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள். அதனால் பெண் பார்க்க யாரும் வரவில்லை, நாங்கள்தான் வீடு பார்க்கப் போனோம். தேசப்பனின் வீட்டில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு நிறம். கூடம் நல்ல சிவப்பு. சமையலறை பச்சை. நான் பைப் லைன் ஃபிட்டர். கம்பெனியில் குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்பதை மேலே அடித்திருக்கும் நிறம்தான் சொல்லும். பச்சை என்றால் தண்ணீர், மஞ்சள் கேஸ், வான நீலம் காற்று, கத்திரிப்பூ ஆசிட், சிவப்பு தீயணைப்பு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கியே பழகிவிட்டேன். சிவப்புக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

"இன்னா சம்மந்தி, செவுத்தையே பாத்துக்கினு கீறீங்கோ?"

"ஒண்ணுமில்லங்க, ஃபயர் லைன் மேல உக்காந்து காப்பி குடிக்கிற மாதிரி இருக்கு."

விளக்கிச் சொன்னதும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "உங்க கம்பெனில கலரு கிட்ட வராதன்றதுக்கு. எங்களுக்கு வான்னு கூப்புடறதுக்கு. கடல்ல அத்தினி படகு நிக்க சொல்ல, நம்ம ஆளு எதுல கீறான்னு கரைல கீற பொண்டாட்டிக்குத் தெரிய வாணாமா?"

காலடிப்பேட்டையில் என் வீடு முழுக்க ஒரே நிறம். கடையில் அதற்குக் கிரீம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பலோடு வீசும் காற்றுக்கு, அடித்த அன்றைக்கே அது பழசு மாதிரி ஆகிவிடும். அதனால் எப்போது பழசானது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். தேசப்பன் முதல் தடவை வந்தபோது சுற்றிப் பார்த்துவிட்டு, "வூட்டுக்கு இன்னும் பெயிண்டு அடிக்கலியா சம்மந்தி?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

திவ்யா உண்டாகியிருந்தபோது, பிள்ளை வந்தால் இருக்கட்டும் என்று மகன், மருமகள் அறைக்குப் புதிதாக வண்ணம் அடிக்க நினைத்தார் தேசப்பன். மருமகளைக் கடைக்கு அழைத்துப் போய் நிற அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். அவள் மாம்பழ மஞ்சளைத் தொட்டாள். வருஷா வருஷம் படகுக்கு அடித்த கை, ஆள் வைக்காமல் அவரே அடித்தார். வளைகாப்புக்குப் போனபோது பார்த்தேன். சாயங்கால வெயிலில் அறை எரிவது போல இருந்தது.

"இது கேஸ் லைன் சம்மந்தி" என்றேன்.

"கேஸு தான். பொறந்து வந்து கத்தப் போவுதே, அது லீக்கு. நீ ஸ்பேனரு எடுத்துக்கினு வந்துடு."

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம், தொட்டிலும் சீருமாகத் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு வீட்டிலும் முறை ஒன்றுதான். வளைகாப்பு முடிந்து திவ்யாவைக் காலடிப்பேட்டைக்குக் கூட்டி வந்தோம்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. துணியில் சுற்றிக் கொடுத்ததைத் தேசப்பன் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். ஆட்டோவில் யாரோ கை நீட்டினார்கள். "வுடு, எம்பேத்திய நானே தூக்கிக்கினு வரேன்" என்றார். அது மட்டும் போதும்.

பிறகுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று வந்து நின்றது. பிள்ளையோடு அனுப்புவதற்கு முறை இருக்கிறது. பிள்ளை இல்லாமல் எப்படி அனுப்புவது? நல்ல நாள் பார்ப்பதா, கூடாதா? ஆரத்தி எடுப்பதா, வேண்டாமா? நாங்கள் கொண்டுபோய் விடுவதா, அவர்கள் வந்து அழைப்பதா? பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், இல்லாவிட்டால் பேச்சை மாற்றினார்கள். நாங்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். அவர்கள் அனுப்புவார்கள் என்று காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகக் காத்திருந்தே பெண்ணை நடுவில் விட்டுவிட்டோம்.

கடைசியில் சதீஷ் ஒருநாள் வந்தார். திவ்யா படுத்திருந்தபடியே சொன்னாள்: "அந்த மஞ்ச ரூமுக்கு நான் வரமாட்டேன்."

"ரூம்பு இன்னா பண்ணுச்சி? ரூம்புல இன்னா கீது?" என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் துக்கம்தான். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கோபமாகச் சொல்லிவிட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை விசைப்படகில் கடலுக்குப் போனார். கரைக்கு வந்த நாளிலும் எங்கள் பக்கம் வரவில்லை.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். என் மனைவி விஜயா, பெண் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று மந்திரிக்க அழைத்துப் போனாள். டாக்டர், மனசு ஆற நாளாகும் என்றார். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில், வர இஷ்டமில்லை, சாக்கு சொல்கிறது என்றார்கள். நான் என் பங்குக்கு ஜோக் அடித்தேன். என் ஜோக்குக்கு அவள் எந்தக் காலத்திலும் சிரித்ததில்லை. 'மொக்க போடாதப்பா' என்பாள். இப்போது அதையும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வரும். நானும் விஜயாவும் சமையலறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்போம். பெற்ற பெண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறாள், கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் நிற்கிறேன். அப்படி இருந்தது எனக்கு.

தேசப்பன் ஒருவர்தான் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் இறாலோடு வந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, ரூம்பு தானா? ரூம்பு மட்டும் தானா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவ்ளோதானே. ரூம்ப மாத்திக்கலாம். அது நம்ம கைல கீற மேட்டரு." எழுந்து போய்விட்டார். இறால் பையைக் கொடுக்க மறந்து, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் செய்த தப்பு அந்த வாரமே நடந்தது. படகுக்கு வாங்கிய நீல பெயிண்ட் வீட்டில் மீதி இருந்தது. அதை எடுத்து ஒரே நாளில் மஞ்சள் தெரியாமல் மூடிவிட்டார். போய்ப் பார்த்தேன். சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது, அதில் என் தொப்பை தெரிந்தது.

"படகு பெயிண்ட வீட்டுக்குள்ள அடிக்கலாமா சம்மந்தி?"

"தண்ணிலயே கெடக்குற படகுக்குத் தாங்குது. நெழல்ல கீற செவுத்துக்குத் தாங்காதா? இன்னா பேச்சு பேசுற நீ?"

கடலோர வீட்டுச் சுவர் உள்ளேயிருந்து உப்புத் தண்ணீரை இழுக்கும். அந்த ஈரத்துக்கு வெளியே வர வழி வேண்டும். படகு பெயிண்ட் வழியை அடைத்துவிட்டது. ஆனால் அது எங்களுக்குத் தெரிவதற்குள் திவ்யா 'வந்து பாக்குறேன்' என்று சொல்லிவிட்டாள். விஜயா வேண்டாத சாமி இல்லை. நானும் அவளும் திவ்யாவை ஆட்டோவில் அழைத்துப் போனோம். சம்பந்தி அம்மா வாசலில் நின்று, ஆரத்தித் தட்டைக் கையில் எடுக்கலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் முந்தானைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அறைக்குள் சுவரெல்லாம் கொப்புளம். நேற்றுவரை ஒன்றுமில்லை என்று தேசப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். திவ்யா கிட்டே போய் ஒரு கொப்புளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது உடைந்தது. நீலம் அப்பளம் மாதிரி பெயர்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. அடியில் மாம்பழ மஞ்சள், அடித்த அன்றைக்கு இருந்த அதே பளபளப்போடு.

அவள் அழவில்லை. கையில் வந்ததைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள். விஜயா பின்னாலேயே ஓடினாள். நான் தேசப்பனைப் பார்த்தேன். மீதிக் கொப்புளங்களைக் கையாலேயே பிய்த்துக்கொண்டிருந்தார், தலை, தோள் எல்லாம் நீலச் செதில்.

"படகுக்குத் தண்ணி வெளிய இருந்து வரும் சம்மந்தி," என்றார். "இது உள்ள இருந்து வருதே. உள்ள இருந்து வர்றத இன்னா பண்றது?"

அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

வேறு யாராயிருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அடுத்த வாரம் போனபோது, படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டும் தகட்டை வைத்து, நீலம், மஞ்சள், அதற்கு முன்னால் என்ன இருந்ததோ அது, எல்லாவற்றையும் சிமென்ட் வரைக்கும் சுரண்டிக்கொண்டிருந்தார். வார விடுமுறைகளில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். நான் சுரண்டியதைவிடத் தும்மியது அதிகம். சுவர் முழுக்க எடுத்து முடித்து, காயவிட்டு, இனி என்ன நிறம் என்ற கேள்வி வந்தது.

அவர் கத்திரிப்பூ என்றார். நல்ல அடர்த்தியான கத்திரிப்பூ. நான் மோர் வெள்ளை என்றேன். சின்ன டப்பா ஆளுக்கு ஒன்று வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒரு முழம் அகலத்துக்கு அடித்துவைத்தோம்.

"இன்னா சம்மந்தி இது, சோறு வடிச்ச கஞ்சியாட்டம்?"

"உங்களுது ஆசிட் லைன். கம்பெனில அத பாத்தா நாலடி தள்ளி நிப்போம்."

"எல்லாம் தள்ளி நிக்கட்டும். உள்ள இன்னா இருந்துச்சின்னு எவனுக்கும் தெரியாம மூடணும். அதுக்கு இதான் தாங்கும்."

"மூடினதத்தான் பாத்தோமே. எதையும் ஞாபகப்படுத்தாத கலரா இருக்கணும். வெள்ளன்னா ஒண்ணும் சொல்லாது."

"சொல்லாத கலரு இன்னாத்துக்கு? செவுரு ஊமையா?"

காலையில் கடல் பக்கத்து வெளிச்சத்தில் பார்ப்போம். அப்போது கத்திரிப்பூ அழகாக இருக்கும், மோர் வெள்ளை கண் கூசும். மத்தியானம் இரண்டும் சுமார். சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்டதும் கத்திரிப்பூ கறுத்து, சுவரோரம் யாரோ ஓர் ஆள் வந்து நிற்கிற மாதிரி ஆகிவிடும். அப்போது என் வெள்ளைதான் கொஞ்சம் நிம்மதி. சாம்பல் படிந்ததா என்று விரலால் தேய்த்துப் பார்ப்போம். வெள்ளையில் என் விரல் அடையாளம் அப்படியே நிற்கும். அவர் அதைக் காட்டி, "கைது பண்ணிட்டாங்கோ சம்மந்திய" என்பார். இது வாரா வாரம் நடந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு எது நல்லா இருக்கு என்று கேட்பார். மீன் கூடையோடு போன ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, ரெண்டு கெழவனுங்களும் செவுத்துக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்றது. குப்பமே சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

இரண்டையும் போட்டோ எடுத்து திவ்யாவுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, பதில் இல்லை. போட்டோவில் கத்திரிப்பூ கறுப்பாக விழுகிறது, அதனால்தான் என்று மறுநாள் வெயிலில் எடுத்து அனுப்பினார். பதில் இல்லை. விடவில்லை, அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது போன் மேல் போன். ஈரத்தோடு ஓடிவந்து எடுத்தேன்.

"சம்மந்தி! கேட்டுட்டா! கேள்வி கேட்டுட்டா!"

"யாரு? என்ன கேட்டாங்க?"

"திவ்யா! 'இதுல எது மாமா உங்களுது, எது அப்பாவோடது'ன்னு கேட்டு போட்டுக்கீது!"

என் வீட்டில், எனக்கு அடுத்த அறையில் இருக்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள் என்பதைக் காத்திவாக்கத்திலிருந்து ஒருவர் எனக்குக் கூவிச் சொல்கிறார். துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்று அழுதேன். "சொல்லிட்டீங்களா?" என்றேன். "ஊஹூம். சொன்னா அப்பன்னு உம்பக்கம் சாஞ்சுடும். தானா புடிக்கட்டும்" என்றார். அவள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அந்த ஒரு கேள்வியில் நாங்கள் இரண்டு பேரும் பல வாரம் ஓட்டினோம்.

கடைசியில் எனக்கு அலுத்துவிட்டது. "சரி சம்மந்தி, நான் விட்டுக்கொடுக்கிறேன். கத்திரிப்பூவே அடிச்சிடலாம். நாளைக்கே பிரைமர் வாங்கலாம்" என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா அவசரம் உனுக்கு?"

"எவ்வளவு நாளுதான் பாத்துக்கிட்டே இருக்கிறது?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய அண்ணனும் பங்காளிகளும், இது சரிப்பட்டு வராது, ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்துவிடலாம், பையனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று மழைக்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு தடவையும் தேசப்பன் சொல்லும் பதில்: "ரூம்பு வேல முடியல. ரூம்பு முடியாம எப்புட்றா பொண்ண இட்டுனு வர்றது? கூப்புடாமலே வரலன்னு எப்புட்றா பஞ்சாயத்துல சொல்லுவ?" அதைக் கேட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்களாம்.

"கலரு முடிவாச்சின்னா கூட்டத்தப் போட்ருவானுங்கோ சம்மந்தி. அதுக்குள்ள அதுவா ஒரு வார்த்த சொல்லணும். வரேன்னோ, வரலன்னோ. அது வாய்ல இருந்து வரணும். அதுவரிக்கும் எனுக்குக் கத்திரிப்பூ தான் புடிக்கும், உனுக்குக் கஞ்சி தான் புடிக்கும். புரிஞ்சுதா? வுட்டுக்குடுக்காத."

ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்க விட்டு அந்த மனிதர் என் மகளுக்கு நாள் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுகூடத் தெரியாமல் உண்மையாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் போய், "என்ன இருந்தாலும் ஆசிட் லைன் ஆசிட் லைன்தான்" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். அதற்கப்புறம் அவரைப் பார்த்தது பிணமாகத்தான்.

சாவுக்குத் திவ்யா வந்தாள். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. நான் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது புடவை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாமனாரின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையில் எல்லாமும் சேர்ந்திருந்தது. தேசப்பன் ஒருவருக்கான அழுகை அது இல்லை என்று அங்கே இருந்த பெண்களுக்கெல்லாம் தெரிந்தது. யாரும் தேற்றவில்லை, அழ விட்டார்கள்.

குளிப்பாட்டும்போது புது வேட்டி எங்கே என்று கேட்டார்கள். சம்பந்தி அம்மா பேசும் நிலையில் இல்லை. பீரோ அந்த அறையில்தான் இருக்கிறது. சாவி எங்கே வைப்பார்கள் என்று திவ்யாவுக்குத்தான் தெரியும். எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். வேட்டியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, சுரண்டிப்போட்ட சிமென்ட் சுவரையும் நடுவில் இருந்த இரண்டு பட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுப்பா மாமாவோடது?"

"கத்திரிப்பூ."

"நெனச்சேன். உங்களுது ஆஸ்பத்திரி மாதிரி இருக்குப்பா."

சாவு வீட்டில் நின்றுகொண்டு, இவ்வளவு நாள் கழித்து என் மகள் என்னை மட்டம் தட்டிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். தேசப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். பிறகுதான் உறைத்தது.

காரியம் முடிகிறவரை மருமகள் என்ற முறையில் அங்கேயே இருந்தாள், சம்பந்தி அம்மாவோடு கூடத்தில் படுத்துக்கொண்டு. காரியம் முடிந்த மறுநாள் தேசப்பனின் அண்ணன் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"தம்பி பூட்டான். இதுக்கு மேல இழுக்க முடியாது. பொண்ணு இருக்குதா, போவுதா? இன்னிக்கித் தெரியணும்."

"ரூம்பு வேல இன்னும் முடியலீங்க," என்றேன் நான். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

"அந்தக் கத தேசப்பனோட பூட்ச்சி."

சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜயா என் கையைப் பிடித்தாள். அப்போது திவ்யா சொன்னாள்: "ரூமுக்கு எதுவும் அடிக்க வேணாம் பெரிய மாமா. ரெண்டும் வேணாம். இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நான் இருக்கேன்." பிறகு, "எவ்ளோ நாளுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். சதீஷ் அந்த அறைக்குள் போய், மூலையில் இன்னும் கிடந்த பெயிண்ட் செதில்களைத் துடைப்பத்தால் கூட்ட ஆரம்பித்தார். வெகுநேரம் கூட்டினார்.

வெறும் சிமென்ட் சுவரோடு எப்படிம்மா இருப்பே, குறைந்தது வெள்ளையாவது அடித்துவிடலாமே என்று என் வாய்வரை வந்தது. மூடிக்கொண்டேன். அவள் இப்படியே இருக்கட்டும் என்கிறாள். அதற்கு அர்த்தம், இப்படியே இருக்கட்டும் என்பதுதான். இருக்கிறேன் என்கிறாள். எவ்வளவு நாள் என்று கேட்காதே என்கிறாள், கேட்கக் கூடாது. இப்படிக் கேட்டுக்கொள்ள எனக்குத் தேசப்பனைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலை, படகு எல்லாம் மாப்பிள்ளைக்கு. எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். பெண் ஒன்று சொன்னால் அதற்குப் பின்னால் என்ன, அடியில் என்ன என்று தோண்டாமல், தேற்றாமல், ஜோக் அடிக்காமல், சொன்னதைச் சொன்னபடி வாங்கிக்கொள்வது. எனக்கு இது லேசில் வருவதில்லை, தினமும் தப்பு செய்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லவும் விருப்பமில்லை. நாளைக்கே அவள் ஆட்டோ ஏறி வந்துவிடலாம்.

நேற்றுச் சாயங்காலம் போன் போட்டேன். "எப்படிம்மா இருக்கே?" என்றேன்.

"நல்லா இல்லப்பா."

என்னென்னவோ சொல்ல வந்தது. "சரிம்மா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.